பூண்டுப் பாத்திக்கு வருகிறவள்

அங்கோலலா,
ஹம்லே மாதம் 9.

அன்புள்ள தெமெலாஷுக்கு யெஷி எழுதுவது. நான் நலம், மாடு நலம், பூண்டுதான் நலமில்லை. பட்டணத்து விதைக் கடையில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறீர்களாமே, கட்டியவளுக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்.

அடி இலை மஞ்சளாகிறது. இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வருகிறது. அடியில் பஞ்சுபோல வெள்ளைப் பூஞ்சை, அதில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்பு மணிகள். சாம்பல் தூவினேன், மாட்டு மூத்திரம் தெளித்தேன், எதற்கும் மசியவில்லை. சந்தையில் ஏதோ வெள்ளை மருந்துப் பொடி விற்கிறான். பக்கத்திலேயே கிணறு இருக்கிறதே என்று வாங்காமல் வந்துவிட்டேன்.

இன்னொன்று, சொன்னால் திட்டுவீர்கள். விளக்கேற்றும் நேரத்தில் ஜினாஷ் பாத்திக்கு வருகிறாள். நம் பெண் காய்ச்சலில் போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது, எனக்கும் தெரியும். ஆனாலும் வருகிறாள். பூண்டு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்க்கிறாள். அவள் கையால் நட்ட பூண்டிலிருந்து வருடா வருடம் எடுத்துவைத்த விதை இது. இந்தப் பாத்தி அழிந்தால் நான் என்ன செய்வேன்? சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் யெஷி.

*

தெப்ரே பிர்ஹான்,
ஹம்லே 24.

என் யெஷிக்கு,

அது வெள்ளை அழுகல். அந்தக் கறுப்பு மணிகள் வருடக்கணக்கில் மண்ணில் தூங்கும். பூண்டு வேரின் வாசம் பட்டால் எழுந்துகொள்ளும். நோய்ச் செடியை அடிமண்ணோடு தோண்டி எரித்துவிடு. எருக்குழியில் போட்டாயோ, தோட்டம் முழுக்கப் பரவிவிடும். மண்வெட்டியையும் காலையும் கழுவாமல் வேறு பாத்தியில் இறங்காதே. அந்த இடத்தில் இனி பூண்டும் வேண்டாம், வெங்காயமும் வேண்டாம், பார்லி போடு. முக்கியமாக, அதிலிருந்து விதை எடுக்காதே.

ஜினாஷைப் பற்றி நான் என்ன எழுத? செத்தவர்கள் வருவதில்லை, யெஷி. வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடு. என்னால் அந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது, கோழை என்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

தெமெலாஷ்.

*

அங்கோலலா,
ஹிதார் 13.

அன்புள்ளவருக்கு,

கோழைதான். சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டு அபோனெஷின் கைக்குழந்தைக்குக் கண் படாமல் கழுத்தில் கட்ட நம் பூண்டு கொடுத்திருந்தேன். மிச்சப் பற்களை அவள் தன் பாத்தியில் நட்டுவிட்டாள். இப்போது அங்கேயும் அழுகல். வாசலில் நின்று கத்தினாள். "ஏண்டி யெஷி, ஒன் வீட்டுச் சாவு ஒன்னோட இருக்கக் கூடாதா? என் பாத்திக்கு ஏன்டி அனுப்பிவச்ச?" பிறகு அவளே வந்து கட்டிக்கொண்டு அழுதாள், காப்பியும் போட்டுக் கொடுத்தாள்.

நேற்று, நோய் அண்டாமலிருக்க வருடா வருடம் ஊரே குப்பை கொளுத்திப் புகை போடும் நாள். நோய்ப் பூண்டையெல்லாம் அதில் போட்டேன். ஒரு கைப்பிடி மட்டும் விதைக்கு ஒளித்துவைத்திருக்கிறேன். பாத்தி வெறுமையாகிவிட்டால் குழந்தை எங்கே வருவாள்?

யெஷி.

*

தெப்ரே பிர்ஹான்,
தெர் 30.

யெஷி,

அந்தக் கைப்பிடியை அடுப்பில் போடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன். அதை நட்டால் அபோனெஷ் மட்டுமல்ல, தெருவே பூண்டில்லாமல் போகும்.

கடைக்கு வந்த ஒரு விவசாயி வழி சொன்னார். இத்துடன் சந்தையில் வாங்கி அனுப்பியிருக்கும் நல்ல பூண்டை இடித்துத் தண்ணீரில் கரை. சின்ன மழை வந்து மண் நனைந்ததும் வெறும் பாத்தியில் ஊற்று. வேர் வந்துவிட்டதென்று அந்த மணிகள் விழித்துக்கொள்ளும். தின்ன ஒன்றும் இல்லாமல் செத்துப்போகும். ஒரு தடவையில் தீராது, விட்டுவிட்டுச் செய்ய வேண்டும். அபோனெஷிடமும் சொல்.

தெமெலாஷ்.

*

அங்கோலலா,
மெகாபித் 18.

தெமெலாஷுக்கு,

செய்தேன். ஒளித்ததை எரித்தேன், நீங்கள் அனுப்பியதை ஊற்றினேன்.

அன்று மாலை ஜினாஷ் ஓடி வந்தாள். இதற்கு முன் அவள் ஓடி வந்ததே இல்லை. பாத்தி நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணைத் துழாவினாள். "அம்மா, பூண்டு எங்கம்மா?" என்றாள். என் கையில் ஒன்றுமே இல்லை. மறுநாள் அவள் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

வாசம் காட்டிக் கூப்பிட்டுக் குழந்தையை வெறுங்கையோடு அனுப்ப வைத்துவிட்டீர்களே, நீங்கள் ஒரு மனுஷரா? முதல் தடவையாவது காய்ச்சல் கொண்டுபோயிற்று. இந்தத் தடவை நானே விரட்டினேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.

யெஷி.

*

தெப்ரே பிர்ஹான்,
மெகாபித் 27.

என் யெஷி,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன்.

நேற்று கடை சாத்தும் நேரம். இங்கே பார்லியும் அவரையும்தான் இருக்கின்றன, பூண்டு கிடையாது. ஆனால் பூண்டு வாசம் வந்தது. திரும்பினேன். பார்லி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு வரை மண். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா கூப்ட்டாங்கன்னு போனேன்ப்பா, அங்க ஒண்ணுமே இல்ல" என்றாள். பிறகு கடையைச் சுற்றிப் பார்த்தாள். "இங்கயும் அம்மா இல்லையா?" என்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை, யெஷி. இந்தப் பிள்ளையோடு உன்னை இத்தனை காலம் தனியாக விட்டுவிட்டு, பைத்தியக்காரி என்று மனசுக்குள் நினைத்தேனே. உன்னை வரச்சொல்ல இனி எனக்கு வாயில்லை. பாத்தியில் பார்லியே போடு. நான் வருகிறேன்.

கடிதத்தை முன்னால் போகும் வண்டியில் கொடுத்துவிடுகிறேன். நாளைய பேருந்துக்குச் சீட்டும் வாங்கிவிட்டேன். சீட்டுக் கொடுப்பவன் என் பின்னால் எட்டிப் பார்த்தான். "ஒரு ஆளுதானேய்யா நிக்கிற, ரெண்டு சீட்டு எதுக்கு?" என்றான்.

"எம் பொண்ணு வர்றா" என்றேன்.

உன் தெமெலாஷ்.