இடம் மாறிய இரண்டு பெயர்கள்

அன்பான சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுறேன். நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமா இருப்பேன்னு நம்புறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, மாடிப்படியில முனகாம ஏறுறார், நான் பார்க்குறேன்னு தெரிஞ்சா மட்டும் கொஞ்சம் முனகுறார். போன வாரம் ஆபீஸ்ல என் மானம் கப்பலேறிடுச்சு, அதைச் சொல்லத்தான் முக்கியமா எழுதுறேன். நான் வரைஞ்ச காட்டு வரைபடத்துல ஒட்டகமேடு, குறுகல் கணவாய்னு ரெண்டு இடம் இருக்கே, மலை ஏற வந்த ஒரு டீச்சரும் அவங்க வீட்டுக்காரரும் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்க. டீச்சருக்குக் கால் பிசகி வீங்கிடுச்சு. வரைபடத்தைப் பார்த்து, குறுகல் கணவாய்ல இருக்கோம்னு போன் பண்ணினாங்க. வனக்காவலர்கள் அங்க ஓடினா ஈ காக்கா இல்ல, மழை வேற கறுத்துக்கிட்டு வருது. ரேஞ்சர் போனை என்கிட்டக் குடுத்து, வரைஞ்சது நீங்கதானே, பேசிப் பாருங்கன்னார். சுத்தி என்ன தெரியுதுன்னு கேட்டேன். திமில் மாதிரி ரெண்டு பாறைன்னாங்க டீச்சர். எனக்குக் குப்புன்னு வேர்த்துடுச்சு, கணவாய்ல ஏது திமில்? வரைபடத்தை விரிச்சுப் பார்த்தா ரெண்டு இடத்துப் பேரையும் நான் மாத்தி எழுதியிருக்கேன். காவலர்கள் வரைபடம் பார்க்காம கால் பழக்கத்துல நடக்கிறவங்க, அதான் ஆறு வருஷமா யார் கண்ணுலயும் படல. "சார், தப்பு என்னோடது. அவங்க ஒட்டகமேட்டுல இருக்காங்க"ன்னு சொல்லிட்டேன். மழை கொட்டறதுக்குள்ள தூக்கிட்டு வந்துட்டாங்க, அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

புது வரைபடம் அச்சடிக்கும்போது சத்தமில்லாம திருத்திடலாம்னார் ரேஞ்சர், நல்ல மனசுலதான் சொன்னார், எனக்குத்தான் மனசு கேக்கல. பழசைக் கையில வச்சிருக்கறவங்க எத்தனை பேரோ. காட்டு வாசல் பலகையில, வரைபடத்துல ஒட்டகமேடு, குறுகல் கணவாய்ங்கிற பெயர்கள் இடம் மாறியிருக்கு, வரைஞ்சவள் தவறுன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வீட்டுல அலமாரியை நகர்த்தக் கூப்பிட்டா, மலையையே நகர்த்தினவளுக்கு நான் எதுக்குன்னு அப்பா ஹாயா உட்கார்ந்துட்டார். நேத்து டீச்சர் கம்பு ஊன்றிக்கிட்டு ஆபீசுக்கு வந்தாங்க, வாங்கிக் கட்டிக்கத் தயாரா எழுந்து நின்னேன். அவங்களோ, கால் சரியானதும் மறுபடி ஏறணும், இந்தத் தடவை நீங்களே வழியைக் கோடு போட்டுக் குடுங்கன்னாங்க. மூணு தடவை சரிபார்த்துக் குடுத்தேன்.

தொட்டதெல்லாம் துலங்கி நோய்நொடி இல்லாம நீ நூறு வருஷம் இருக்கணும். லீவுல எந்த மலைக்குப் போனாலும் வரைபடத்தை மட்டும் நம்பாதே, அங்க இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறு. அதை வரைஞ்சவளும், ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் உட்கார்ந்த மாதிரி, அன்னிக்குக் காலையிலதான் மகளை ரயில் ஏத்திவிட்டுட்டு வந்து வரைய உட்கார்ந்திருப்பா.

ஆசிகளுடன்,
உன் அம்மா