கைகள் மட்டும்

அபிராமபுரம்,
சனிக்கிழமை இரவு

அன்புள்ள மர்சலின் அக்காவுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஜாஸ்பர் இப்போதுதான் தூங்கினான். மஸ்கட்டில் தம்பி வீட்டில் எல்லோரும் நலமா? நீங்கள் போனை எடுக்கவே இல்லை, அதனால்தான் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

நம் பேச்சுப் பயிற்சி மையத்தில் ஏ.சி. மறுபடி படுத்துவிட்டது. ஷில்பா டீச்சர் பிள்ளைகளை மாடிப்படியில் உட்காரவைத்து வகுப்பு எடுக்கிறார். நன்கொடையாளர்களுக்கான கிறிஸ்துமஸ் அட்டைகளை எழுதி முடித்துவிட்டேன். வழக்கம்போல், அவரவர் கொடுத்தது எந்த வேலைக்கு உதவியது என்று கையால் எழுதி, பக்கத்தில் பிள்ளைகளின் சாயக் கைப்பதிவு. முகம் கிடையாது. ஜாஸ்பரைச் சேர்க்க வந்த அன்றே சொன்னீர்களே, “ஜொவிட்டா, கொடுக்கிறவங்களுக்கு நம்ம பிள்ளைங்க கையைக் காட்டுவோம், முகத்தைக் காட்ட மாட்டோம்” என்று. அந்தப் பேச்சை நம்பித்தான் அவனை உங்களிடம் விட்டேன். பிறகு நானும் வேலைக்கு வந்தேன்.

வியாழக்கிழமை அவனுக்குத் துணி எடுக்க தி.நகர் போனோம். மையத்துக்குப் புது அறை கட்டிக் கொடுத்தவராயிற்றே, வெள்ளைத்துரை அண்ணாச்சி கடையிலேயே எடுப்போம் என்றார் அவன் அப்பா ஷெல்டன். உள்ளே நுழைந்தால் பெரிய திரையில் ஜாஸ்பர். பாலவாக்கம் கடற்கரையில் எச்சில் வழியத் திணறித் திணறி, முதன்முதலாக ‘அம்மா’ என்கிறான். கீழே, ‘உங்கள் உதவியால் பேசினான்’ என்று எழுத்து.

அந்த வீடியோவை உங்களுக்கு மட்டும்தான் அனுப்பினேன், அக்கா. என் மாமியாருக்குக்கூட அனுப்பவில்லை.

பில் போடும் வரிசையில் ஒரு பெண், “ஐயோ பாவம், புள்ளைக்குப் பேச்சே வரமாட்டேங்குது பாரேன்” என்றாள். அவள் மகள் “ம்... ம்... ம்மா” என்று இழுத்துக் காட்டிச் சிரித்தாள். ஜாஸ்பர் அவளையும் பார்த்தான், திரையையும் பார்த்தான். கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அண்ணாச்சியிடம் போய்ச் சத்தம் போட்டுவிட்டேன். அவர் திகைத்துப்போய், “ஏம்மா, நீங்கதான் ஆசைப்பட்டுப் போடச் சொன்னியன்னு மர்சலின் மேடம் சொன்னாவளே! எனக்கு இதெல்லாம் எதுக்கு? பிள்ளை ஒருநாள் வந்து நம்மகூட ஒரு காப்பி குடிச்சா போதும்னுதானே சொன்னேன்” என்றார். உடனே திரையை அணைக்கச் சொன்னார்.

அவர் கேட்கவே இல்லையே, அக்கா. அடுத்த வருடம் தராமல் போய்விடுவாரோ என்று பயந்தீர்களா? அந்தப் பயம் எனக்கும் உண்டு. என்னிடம் கேட்டிருக்கலாம். மாட்டேன் என்பேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லையோ?

அன்றிலிருந்து அவன் ‘அம்மா’ சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் துப்பட்டாவை இழுக்கிறான். மையத்தை விட்டு நிறுத்திவிடலாம் என்கிறார் ஷெல்டன். எனக்கு வேறு எந்த இடமும் தெரியாது. அவனைப் பேசவைத்ததும் நீங்கள்தானே.

அண்ணாச்சிக்கான அட்டை மட்டும் இன்னும் அனுப்பாமல் மேசைமேல் கிடக்கிறது. அதில் இருப்பது ஜாஸ்பரின் நீலக் கை.

நேற்று பெசன்ட் நகர் மாதா கோயிலில் அவனுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன். உங்களுக்கும் சேர்த்துத்தான். அண்ணாச்சி தப்பாகப் புரிந்துகொண்டார் என்று நீங்கள் எழுதினால் நம்பிவிடுவேன். திங்கட்கிழமை அவனை அழைத்து வருவதா வேண்டாமா என்று அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

சீக்கிரம் பதில் போடுங்கள், அக்கா.

உங்கள்,
ஜொவிட்டா