நிலை தாண்டிய தலைப்புகள்

4 மார்ச், திங்கள்
விடியும்போதே மழை. பிரிக்பீல்ட்ஸில் நம் அச்சுக்கடை வாசலில் கணுக்கால் தண்ணீர். கம்ப்யூட்டர்கள் மேசை மேல், தப்பித்தன.

கிள்ளானிலிருந்து கம்பெனி இன்ஜினியர் சிவநாதன் போன். செம்பனைக் குலையை ஆவியில் வேகவைக்கும் கலன், அதன் கையேடு. எந்தத் தலைப்பு எந்த நிலை என்று கம்ப்யூட்டருக்குப் புரியும் குறி, அதாவது டேக், நாம் போட்டுக் கொடுத்த வேலை. சோதனை புரோகிராமில் ஓட்டினாராம். முப்பத்தேழு பிழை. எல்லாம் ஒரே வகை. ஒன்றாம் நிலைப் பிரிவுக்குள் இரண்டாம் நிலை இல்லாமல் நேரே மூன்றாம் நிலை.

“கல்யாணக் கார்டு அடிக்கிறவங்களுக்கு இது சரிப்படாதுலா, பாஸ். சிங்கப்பூர்ல கொடுத்துடறேன்.”

வெள்ளி வரை டைம் கேட்டேன். கெஞ்சவில்லை. இது போனால் பின்னால் வரவேண்டிய ஆறு கையேடும் போகும்.

வாங்க வேண்டியது: ரிப்பன், கலர் பென்சில், கமலாவுக்கு இருமல் மருந்து.

5 செவ்வாய்
வெயில். டைப் செய்வது கமலா, ஒன்பது வருடமாக. ஏன் இரண்டை விட்டு மூன்று என்று கேட்டேன்.

“நீங்கதானே அண்ணே சொன்னீங்க, தலைப்பு ரொம்பப் பெருசா தெரிஞ்சா அடுத்த சின்னதைப் போடுன்னு.”

சொன்னேன்தான். அச்சுக்கு அது சரி. இங்கே நிலை எண் என்பது எழுத்தின் அளவு இல்லை. எதற்குள் எது என்ற கணக்கு. தப்பு என்னுடையது. அவளிடமும் சொல்லிவிட்டேன். கீபோர்டு சத்தம் கூடியது.

7 வியாழன்
நேற்றும் இன்றும் தரையில். முழுக் கையேடும் பிரிண்ட் எடுத்து விரித்தாயிற்று. ஒன்றுக்குச் சிவப்பு, இரண்டுக்குப் பச்சை, மூன்றுக்கு நீலம். தொடக்க டேக்கிலிருந்து முடிவு டேக் வரை ஓரத்தில் கோடு. நீலம் பச்சைக்குள், பச்சை சிவப்புக்குள். பச்சை முடிந்த பிறகும் நீலம் ஓடினால் தப்பு. பக்கத்துப் பூக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, கோலப் போட்டியா என்று கேட்டுவிட்டுப் போனார். முட்டி வலி.

முப்பத்தாறைத் திருத்தியாயிற்று. ஒன்று அடங்கவில்லை. 4.2 முடிந்ததும் 4.3.1. நடுவில் 4.3 இல்லை. கம்பெனி கொடுத்த மூலப் பிரதிக் கட்டைத் தேடி எடுத்தேன். பக்கம் 61, அடுத்தது 63. நாமும் எண்ணாமல் வாங்கியிருக்கிறோம். 4.3.1, முதல் வரி: “மேலே சொன்னபடி ஆவியை வெளியேற்றிய பின் கதவைத் திறக்கவும்.”

மேலே ஒன்றும் இல்லை.

8 வெள்ளி
திருத்திய டிஸ்க்கோடு ரயிலில் கிள்ளான். புரோகிராம் ஓடியது. ஒரே பிழை. சிவநாதன் சிரித்தார். 61, 63 இரண்டையும் அவர் முன் வைத்தேன். சிரிப்பு நின்றது. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“4.3ன்னு ஒரு வெறும் தலைப்பு போட்டுடுங்க. புரோகிராம் பேசாது. மத்த ஆறும் உங்களுக்குத்தான்.”

“புரோகிராம் பேசாம இருக்கும் சார். ஆவி பேசாம இருக்குமா? பக்கத்தைக் கொடுங்க, இங்கேயே உட்கார்ந்து போட்டுத் தரேன்.”

டிஸ்க்கை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கம்பெனி சொத்து என்றார். சரியான பிறகு உங்கள் சொத்து என்றேன்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். முக்கால் மணி நேரமாயிற்று. போகச் சொல்லவில்லை. உள்ளே 62ஆம் பக்கத்தைத் தேடி ஒவ்வொரு இரும்பு அலமாரியாகத் திறக்கிறார்.