மாதா பீடத்தில் இருந்த அட்டைப்பெட்டி

காலை ஆறே காலுக்குக் கம்ப்யூட்டர் மறுபடி ஹேங் ஆனது. உங்களை எழுப்பவில்லை. எழுப்பினால் நேற்றைய சண்டை தொடரும்.

சகாயராணி அக்கா மகளின் கல்யாண வீடியோ பாதியில் நிற்கிறது. நான்கு மணிக்குச் சின்னாளப்பட்டியிலிருந்து அக்கா வாங்க வருகிறார்.

புது கிராபிக்ஸ் கார்டு போட்ட நாளிலிருந்து இதே கதை. மூன்று முறை விண்டோஸ் போட்டீர்கள். நான் ஏதாவது சொன்னால், "டீச்சரம்மா, நீ போயி ஒம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்து" என்கிறீர்கள்.

இன்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது, அங்கே நீங்கள் வைத்த கார்டுப் பெட்டியைப் பார்த்தேன். 650 வாட்ஸ் பவர் சப்ளை வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. நம்முடையது பழைய 450. பெட்டிக்குத் தீர்த்தம் தெளித்தவர் ஒருமுறை படித்தும் பார்த்திருக்கலாம்.

பழைய கார்டை மாட்டுங்கள். மெதுவாக ஓடும், ஆனால் நிற்காது. ஒன்பது மணிக்குள் தொடங்கினால் நான்குக்கு முடியும்.

கருவாட்டுக் குழம்பு அடுப்பில் இருக்கிறது. சோறு வடிக்கவில்லை. கோபம்தான். அரிசி மட்டும் ஊற வைத்திருக்கிறேன்.

குஜிலியம்பாறை பஸ்ஸுக்குப் போகிறேன். வீட்டுச் சாவி டிவி மேல்.

ஷைனி

பி.கு. செருப்பு மாட்டும்போது அக்கா போன் செய்தார். மகள் கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் அக்காவின் கணவர் இறந்தது உங்களுக்குத் தெரியும். நாளை முப்பதாம் நாள் பூசை. என்னிடம் அவர் கேட்டது இதுதான்:

"ஷைனி, அவுக பேசிச் சிரிச்சதெல்லாம் அதுல அப்படியே இருக்குல்ல?"