அளத்துத் தண்ணியா, கடைத் தண்ணியா

அண்ணா,

காட்டுவதற்காகவே கடையில் திறந்து வைத்திருக்கும் கியர் ஆயில் டப்பாவை இன்று காலை எடுத்து மூடியைத் திருகினேன். கந்தகமும் கெட்ட முட்டையும் சேர்ந்தாற்போன்ற அந்த வாடை மூக்கில் ஏறியது. உடனே நீங்கள் கண்முன் வந்து நின்றுவிட்டீர்கள். ஆயில் கேட்டு வந்தவர் ஆரோவில் பக்கத்துக்காரர். சேற்றிலும் மணலிலும் ஓட்டுவதற்கென்றே ஜீப் வைத்திருக்கிறாராம். பின் சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியலுக்கு எது நல்லது என்று கேட்டார். வண்டியோடு வந்த புத்தகத்தில் எது போட்டிருக்கிறதோ அதுதான் நல்லது என்றேன். சீல் வைத்த டப்பா ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மூடியை நகத்தால் சுரண்டினார், என் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. உங்களிடம் பட்டவளுக்கு இவர் எந்த மூலைக்கு?

உங்களைப் போல் சந்தேகப்பட ஒரு பிறவி போதாது அண்ணா. டீக்கடையில் பாய்லருக்குப் பக்கத்தில் நின்று, கண்ணெதிரே ஊற்றிய டீயைத்தான் குடிப்பீர்கள். கோயிலில் கொடுக்கும் விபூதியைக்கூட விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பூசுவீர்கள். கேட்டால், "நம்புறதுக்கு என்னம்மா அவசரம், பாத்துட்டு நம்பலாம்" என்பீர்கள். என் கணவர் பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போய், ஸ்பேர்ஸ் கடை என் கைக்கு வந்தபோது, பெண்பிள்ளை விற்கிற ஆயில் எப்படி இருக்குமோ என்று ஊரே தயங்கியது. முதலில் வந்து வாங்கியவர் நீங்கள். அதுவும் நம்பிக்கையால் இல்லை. "ஆம்பளைங்க கடையில எல்லாம் ஏமாந்துட்டேன், இதையும் பாத்துடுவோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அப்படித்தான் எனக்கு ஒரு அண்ணன் கிடைத்தார்.

உங்களுடையது நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப். குத்தகைக்கு எடுத்த உப்பளத்துக்கு ஆட்களையும் குடிதண்ணீர் டிரம்களையும் வரப்பு வழியாக அதுதான் கொண்டு போகும். அது நின்றால் நடுப்பாத்தியில் வேலை செய்கிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது. கடல் பொங்கி வந்து போனதற்கு அடுத்த வருடம் வரப்பெல்லாம் மணலும் சேறுமாகக் கிடந்தது. அந்த வண்டிக்கு வேலை இரட்டிப்பானது அப்போதுதான்.

அந்த வருடம் நமக்குள் கியர் ஆயில் தொண்ணூறாம் நம்பரா, நூற்று நாற்பதாம் நம்பரா என்று ஒரு வழக்கு நடந்தது. புத்தகத்தில் தொண்ணூறு என்று இருக்கிறது, அதையே ஊற்றுங்கள் என்றேன். நீங்கள் நூற்று நாற்பதுதான் வேண்டும் என்றீர்கள். "அது கெட்டியா இருக்குது இல்ல? கெட்டியா இருந்தா தண்ணி உள்ள பூராது." ஆயில் கெட்டியாக இருப்பதற்கும் தண்ணீர் நுழைவதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்பீர்களா? வாங்கிக்கொண்டு போய் ஊற்றினீர்கள். கொஞ்ச நாளில் டிஃபரன்ஷியலைத் திறந்தால், பால் அதிகமாக ஊற்றிய காப்பி மாதிரி வந்தது ஆயில். தண்ணீர் கலந்துவிட்டது. அதைக் கொட்டிவிட்டுத் தொண்ணூறை ஊற்றினீர்கள். அதுவும் வெளுத்தது. வேறு கம்பெனி ஆயில் எடுத்துக் கொடுத்தேன். அதுவும் அப்படியே ஆனது. பின்னால் பேரிங் அரைக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அப்போதுதான் உங்கள் புத்தி அதன் வேலையைக் காட்டியது. அளத்துக்காரர்களுக்கு எதையும் நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் திருப்தி. பாத்தித் தண்ணீர் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று நாக்காலேயே சொல்வீர்கள். டிஃபரன்ஷியலை மூடியிருக்கும் ஹவுசிங்கின் அடியில் ஆயிலிலிருந்து பிரிந்து நின்ற தண்ணீரை ஒரு சொட்டு தொட்டு நாக்கில் வைத்தீர்கள், துப்பினீர்கள். கரிக்கவில்லை. தீர்ப்பு முடிந்தது. "கரிச்சா அளத்துத் தண்ணி. கரிக்கலேன்னா கடைத் தண்ணி."

நேராகக் கடைக்கு வந்தீர்கள். வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். "நீ கலக்குறேன்னு நான் சொல்லல தங்கச்சி. உன் தலையில எவனோ டூப்ளிகேட்ட கட்டிட்டுப் போறான். பொம்பளதானே, தெரியாதுன்னு." திருடி என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஏமாளி என்றீர்கள். அதையும் பாசமாகச் சொன்னீர்கள். 

போகிற இடத்தில் எல்லாம் சொன்னீர்கள். டீக்கடையில் சொன்னீர்கள், அளத்து முதலாளிகளிடம் சொன்னீர்கள். உப்பு மூட்டை ஏற்ற வந்த கிளியனூர் டிராக்டர்காரரிடமும் சொன்னீர்கள். அவர் என் கடையின் பெரிய வாடிக்கை. அவர் வரவில்லை என்று தெரிந்ததும் மற்றவர்களும் ஒதுங்கினார்கள். கடை ஈயடித்தது. கடையை மூடிவிட்டு வந்துவிடு என்று பாண்டிச்சேரியிலிருந்து என் கணவர் சொல்லும் நிலை வந்துவிட்டது.

எனக்கும் சந்தேகம் வந்தது அண்ணா. உங்களிடமிருந்தே தொற்றிக்கொண்ட சந்தேகம். எங்கேயோ மலிவாக லூஸ் ஆயில் வாங்கி ஊற்றிவிட்டு என் பெயரைச் சொல்கிறீர்களோ என்று. உங்கள் டிரைவர் ஏழுமலையின் மேலும் சந்தேகம். ஒருநாள் காலை, சீல் பிரிக்காத டப்பாவைத் தூக்கிக்கொண்டு உங்கள் கொட்டகைக்கே வந்தேன். "என் கண்ணு எதிர்ல ஊத்துங்க. சாயங்காலம் என் கண்ணு எதிர்ல திறங்க" என்றேன். உங்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. சந்தேகப்படுகிறவருக்கு இன்னொரு சந்தேகப்பிராணி துணை கிடைத்த சந்தோஷம்.

சாயங்காலம் வண்டி திரும்பியதும் நானே ஆயில் அளவு பார்க்கும் லெவல் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டேன். ஆயில் தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தது. "இப்ப நல்லாத்தான் இருக்குது, ராத்திரிக்குள்ள என்னா ஆவுதோ" என்றீர்கள். "ராத்திரி யார் வர்றாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். கொட்டகையைப் பூட்டி, "இந்தா, நீயே வெச்சுக்க" என்று சாவியை என் கையில் கொடுத்தீர்கள். பூட்டுவதற்கு முன்னால், என்றும் செய்வதுபோல் ஏழுமலை போர்வெல் தண்ணீரைப் பைப்பில் பிடித்து வண்டியின் அடியெல்லாம் பீய்ச்சி அடித்தார். உப்பு காய்வதற்குள் கழுவ வேண்டும், காய்ந்தால் இரும்பு போச்சு என்பது உங்கள் ஊர்ச் சட்டம். சூடாக இருந்த ஹவுசிங்கின் மேல் தண்ணீர் பட்டுப் புஸ்ஸென்று ஆவி வந்தது. அதை நாம் மூன்று பேருமே பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

மறுநாள் காலை பூட்டைத் திறந்தேன். அடிபோல்ட்டைக் கழற்றினீர்கள். முதலில் வந்தது ஒரு மடக்குத் தண்ணீர். அதற்குப் பிறகுதான் ஆயில். வழக்கம்போல நாக்கில் வைத்தீர்கள். கரிக்கவில்லை.

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் ஏழுமலையைப் பார்த்தீர்கள். அவர் மூலையில் சுருட்டிக் கிடந்த பைப்பைப் பார்த்தார்.

"அண்ணா, உள்ள எப்படிண்ணா போவும்?" என்றார்.

மூன்று பேரும் வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தோம். ஹவுசிங்கின் உச்சியில் மூச்சு விடுவதற்கு ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதன் மேல் இருக்க வேண்டிய மூடியை உப்பு எப்போதோ தின்றுவிட்டிருந்தது. வரப்பில் ஓடும்போது சேறும் உப்புத் தண்ணீரும் அந்த உயரத்துக்கு ஏறுவதே இல்லை. சூட்டோடு கழுவும்போதுதான் கோளாறு. உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, மேலே பட்ட தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. தினமும் ஒரு மடக்கு. உப்புக்குப் பயந்து நீங்களே ஊற்றிக்கொண்ட நல்ல தண்ணீர், கரிக்குமா?

நீங்கள் அந்தத் துளையை விரலால் தடவிப் பார்த்தீர்கள். பிறகு ஏழுமலையிடம், "இனிமே ஆறுன பின்னாடி கழுவுடா. அந்தத் துளையில ஒரு டியூப்ப மாட்டி மேல தூக்கி வுட்டுடு" என்று மட்டும் சொன்னீர்கள். சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தீர்கள். எங்கே என்றேன்.

"சொன்ன எடத்துக்கெல்லாம் போயி இல்லேன்னு சொல்லிட்டு வர்றேன்."

நானும் வருகிறேன் என்றேன். எனக்கு அதைக் காதால் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"நீ வராத. நீ பக்கத்துல நின்னா, நீதான் என்னை மெரட்டிச் சொல்ல வெக்கிறேன்னு நெனப்பானுங்க. நானா இருந்தா அப்படித்தான் நெனப்பேன்."

டீக்கடைக்காரர் அன்றைக்கே வந்து என்னிடம் சிரித்தார். அளத்து முதலாளிகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கடை பிழைத்தது. கிளியனூர்காரர் மட்டும் வரவில்லை. தூரம் அதிகம், வெயில் வேறு, அதுவரைக்கும் போயிருக்க மாட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். உங்களிடம் கேட்கவும் இல்லை. நாம் பழையபடி சண்டை போட்டோம், சிரித்தோம், என் பெண் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினீர்கள். அத்தனை வருடமும் அந்தச் சின்ன முள் எனக்குள் இருந்தது. எல்லாரிடமும் சொன்னார், முக்கியமான ஆளிடம் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று.

உங்களைப் பெஞ்சில் கிடத்தி மாலை போட்டிருந்த அன்று, கிளியனூர்காரர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கும்பிட்டுவிட்டு, பெண்கள் பக்கம் நின்றிருந்த என்னிடம் வந்தார்.

"உன் ஆயில்ல ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கு இந்த மனுசன் என் வூட்டுக்கு மூணு வாட்டி வந்தாரும்மா. சைக்கிள்லயே. நான்தான் நம்பல."

"ஏன் நம்பல?" என்றேன்.

"தனியா வந்தாரே. நீ சொல்லிக் குடுத்து அனுப்பிட்டு, தெரியாத மாதிரி கடையில ஒக்காந்துட்டு இருக்கேன்னு நெனச்சேன்."

சாவு வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அண்ணா. முந்தானையை வாயில் வைத்து அடக்கினேன். அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். பிறகு நிஜமாகவே அழுகை வந்தது. உங்களை நம்பாதவன் வாசலுக்கு நீங்கள் மூன்று முறை போயிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் தோற்றுத் திரும்பி, வழியில் என் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். ஒரு நாளும் உள்ளே வந்து, உனக்காக வெயிலில் போய்விட்டு வந்தேன் என்று சொல்லவில்லை.

இப்போது வெயிலில் யாராவது சைக்கிளை மிதித்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போனால், எழுந்து வாசலுக்கு வந்து உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்கிறேன். ஏன் என்று சிலர் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டே குடிக்கட்டும்.

உங்கள் தங்கச்சி