ஹாக்காவுக்கு எழும்பி நின்றவனுக்கு

உன்னுடைய பழைய நீல ஜேர்சியை உன் மனுசி சாந்தி நேற்றுக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள். உன் அலுமாரியை ஒதுக்கும்போது அகப்பட்டதாம். "இவர் உங்களோட சேர்ந்து விளையாடேக்க போட்டது. நீங்களே வச்சிருங்கோ அண்ணா" என்றாள். எத்தனை தரம் தோய்த்திருப்பாளோ தெரியாது. கழுத்துப் பட்டியில் மட்டும் அந்த நோவெண்ணெய் மணம் இன்னும் போகவில்லை. மடித்து உள்ளே வைக்க மனம் வரவில்லை. எறியவும் மனம் வரவில்லை. கதிரை முதுகில் போட்டுவிட்டு அதற்கு எதிரே இருந்து இதை எழுதுகிறேன்.

இன்று காலை வேலைக்குப் போகும்போது ரேடியோவில் அந்தப் பழைய சண்டை. நியூசிலாந்து ரக்பி அணி விளையாட வருகிறதல்லவா, வழக்கம்போல ஆளாளுக்கு போன் எடுத்துக் கத்துகிறார்கள். சர்வதேச ஆட்டத்துக்கு முன்னால் ஓர் அணி மட்டும் தொடை தட்டிக் கண்ணை உருட்டி நாக்கை நீட்டி ஹாக்கா ஆடலாமாம், மற்ற அணி குளிரில் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கவேண்டுமாம், இது என்ன நியாயம் என்றார் ஒருவர். அது இப்போது விளம்பரக்காரர்களின் கூத்தாகிவிட்டது என்றார் இன்னொருவர். உனக்கு போன் எடுத்து, "கேட்டியா, உன்ர ஆக்களைக் கிழிக்கிறாங்கள்" என்று சொல்லக் கை போய்விட்டது. பிறகுதான் நீ இல்லை என்ற நினைவு வந்தது. அதற்குப் பின்னால் கோபமும் வந்தது.

அந்த போன்காரரின் கட்சியில்தான் ஒரு காலத்தில் நானும் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் உதைபந்தும் கிரிக்கெட்டும் பார்த்து வளர்ந்தவனுக்கு ரக்பியே விசர் விளையாட்டு, அதற்கு முன்னால் ஒரு போர் நடனம் வேறா? நீ கண்டியில் பள்ளிக்கூட அணிக்கு ரக்பி விளையாடினவன். புலம்பெயர்ந்து வந்தபிறகு, இங்கே ட்ருகனினாவில் உன் வீட்டு வரவேற்பறையில், ஒரு கையில் ரோல்ஸும் மறு கையில் தேத்தண்ணியுமாக நான் கேட்டேன்: "இது பயங்காட்டி வெருட்டுறதுதானேடா? ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?"

நீ என் கையிலிருந்த கோப்பையைப் பறித்து மேசையில் வைத்தாய்.

"எழும்படா முதல்ல. ஒருத்தன் தன்ர பாட்டன் பூட்டனையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து உனக்கு முன்னால நிக்கிறான். நீ இருந்து ரோல்ஸ் தின்னுறாய். அவனுக்கு நீ குடுக்கவேண்டியது ஒண்டே ஒண்டுதான். நேர முகத்தைப் பார்."

அன்றைக்கு ஒரு டிவிக்கு முன்னால் எழும்பி நின்றேன். என்ன கோதாரி இது என்று சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அந்த நடனம் முடிய எனக்கு மயிர் கூச்செறிந்திருந்தது. அதற்குப் பிறகு உன் வீட்டில் எந்த ஆட்டமானாலும் ஹாக்காவுக்கு எழும்பாமல் ஒருவரும் இருந்ததில்லை. எதிரணி ரசிகர்கள் பாட்டைப் பெரிதாய்ப் பாடி அதை அமுக்கப் பார்த்தால், "மரியாதை தெரியாத சனியன்கள்" என்று நீ டிவியைப் பார்த்துக் கத்துவாய். என் மனதை மாற்றியவன் நீதானடா. அதை மறக்காதே.

பிறகு நாங்கள் தமிழ்ப் பொடியங்களைச் சேர்த்து ஒரு டச் ரக்பி அணி தொடங்கினோம். பொடியங்கள் என்று பேருக்குத்தான், எல்லோருக்கும் முன்னால் தள்ளிய வண்டியும் முழங்கால் நோவும். ஆளைப் பிடித்து விழுத்தத் தேவையில்லை, தொட்டால் போதும் என்பதால் எங்கள் வீட்டுக்காரிகளும் விட்டார்கள். நாங்கள் சேர்ந்த உள்ளூர் லீக்கில் ஹெமியின் அணியும் இருந்தது. ஹெமி என்னோடு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், ஹாக்காவுக்குச் சொந்தக்காரரான மாவோரி இனத்தவன். உன்னை நான்தான் அவனுக்கு அறிமுகப்படுத்தினேன்.

முதல் தடவை அவர்கள் எங்களுக்கு முன்னால் ஹாக்கா ஆடியது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஆட்களில் பாதிப்பேர் சப்பாத்து நாடாவைக் கட்டுவது போலக் குனிந்தார்கள். ஒருவன் போனைத் தூக்கினான். நீ ஒரு அதட்டுப் போட்டாய். "போனை வையுங்கோடா! தோளில கை போட்டு நில்லுங்கோ. பாருங்கோ!" நின்றோம். ஆட்டத்தில் தோற்றுச் சப்பளிந்தோம், அது வேறு கதை. முடிந்ததும் ஹெமி நேரே உன்னிடம் வந்து, தங்கள் முறை வணக்கமாக உன் நெற்றியோடு நெற்றியும் மூக்கோடு மூக்கும் ஒட்டி நின்றான். உன் கண்ணாடி சரிந்து வாயில் வந்து நின்றது. அதைச் சொல்லி எத்தனை நாள் பகிடி பண்ணினேன்! உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது. என் சிநேகிதனை என் வேலைத்தளத்துச் சிநேகிதன் மதிக்கிறான் என்ற பெருமை.

அதுதான் எனக்கு இப்போது நோகிறது.

அந்த நடனத்தால் நேரம் போகிறது, பார்க்க வரும் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று யாரோ லீக்கில் முறையிட்டார்கள். ஹாக்காவை நிறுத்துவதா விடுவதா என்று அணிக்கு ஒரு வாக்கு. நீதான் எங்கள் கப்டன், எங்கள் வாக்கு உன் கையில். கிடங்கில் தேநீர் இடைவேளையில் ஹெமி என்னிடம் வந்து, "உங்கட ஆக்கள் எப்பிடி?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "எங்கட வாக்கைப் பற்றி யோசிக்காதை. அவன் டிவிக்கே எழும்பி நிக்கிறவன்" என்று அவன் தோளில் தட்டிச் சொன்னேன். உன்னைக் கேட்கக்கூட இல்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லையே.

கூட்டத்துக்கு உன்னை ஏற்றிக்கொண்டு போனவன் நான். அங்கே பின்வரிசைக் கதிரையில் இருந்தேன். வாக்கெடுக்கும்போது சம்பந்தப்பட்ட அணி வெளியே நிற்கட்டும், அதுதான் ஒழுங்கு என்றார் லீக் தலைவர். ஹெமி எழும்பி வெளியே போனான். போகும்போது என்னைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு. நிறுத்தவேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்கள். உன் கை உயர்ந்தது. தயங்கித் தயங்கிக்கூட இல்லை, பஸ்ஸை மறிப்பது போல உயர்ந்தது. உன் கை இல்லாவிட்டாலும் அவர்கள் தோற்றுத்தான் இருப்பார்கள், அவ்வளவு கைகள். அப்படியென்றால் எதற்கடா தூக்கினாய்?

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏன்ரா?"

"விடு மச்சான். ரோட்டைப் பார்" என்றாய்.

அடுத்த மாதம் எங்கள் சித்திரைப் புத்தாண்டுச் சுற்றுப்போட்டிக்கு விளக்குப் போட்ட பெரிய மைதானம் கிடைத்தது. அதற்கு முன்னால் எத்தனை தரம் கேட்டும் லீக்காரர் தராத மைதானம். நீ மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் நன்றி சொன்னாய். அந்த மைதானத்துக்குத்தான் கையைத் தூக்கினாயா என்று எனக்கு இன்றைக்கும் உறுதியாகத் தெரியாது. நீ சொன்னால்தானே தெரியும்.

ஹெமியின் அணி லீக்கை விட்டே விலகியது. யார் எப்படி வாக்களித்தார்கள் என்று வெளியே சொல்லவில்லை. ஒருநாள் ஹெமி, "உன்ர சிநேகிதன் எங்களோட நிண்டவன்தானே?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். உனக்காகச் சொன்ன பொய். அதற்குப் பிறகு அவன் தேநீர் குடிக்கும் நேரத்தில் நான் குடிப்பதில்லை. வருடக்கணக்காக ஆறிய தேத்தண்ணி குடித்தேனடா உனக்காக.

உன் வீட்டுக்கு மட்டும் வந்துகொண்டுதான் இருந்தேன். மானம் கெட்டவன் நான். நியூசிலாந்து ஆட்டம் வரும். நீ வெட்கமே இல்லாமல் எழும்பி நிற்பாய். நான் கதிரையை விட்டு அசையமாட்டேன். "ஏன் எழும்பேல்லை?" என்று ஒருதரம் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். நீ கேட்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

பிறகு ஒரே நாளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

செத்தவீட்டில் தேவாரம் முடிந்து உன்னை வெளியே கொண்டுவந்தபோது, வேலையிலிருந்து நேரே வந்த செம்மஞ்சள் மேலங்கிகளோடு ஒரு வரிசை நின்றது. ஹெமியும் அவன் ஆட்களும். சாந்தியிடம் அனுமதி கேட்டுவிட்டார்களாம். நிலம் அதிர ஆடினார்கள். ஹெமி கண்ணீர் வழிய வழிய உன் பெட்டியைப் பார்த்துக் கத்தினான். எங்கள் அன்ரிமார் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. இந்த மரியாதையை நீ வாங்கக்கூடாது, இவன் தெரியாமல் தருகிறான் என்று நெஞ்சு கொதித்தது.

தாங்க முடியாமல் கார் நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தேன். "ஹெமி, அண்டைக்கு அந்தக் கூட்டத்தில..."

"தெரியும்" என்றான்.

கூட்டம் முடிந்த அந்தச் சனிக்கிழமையே நீ அவன் வீட்டு வாசல் படலையில் போய் நின்றாயாம். நானும்தான் கையைத் தூக்கினேன் என்று முகத்துக்கு நேரே சொன்னாயாம். அவன் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினானாம். நீ ஒரு அடி பின்னால் வைக்கவில்லையாம், கண்ணைத் தாழ்த்தவில்லையாம். "கடைசியில நான்தான் உள்ள வா, தேத்தண்ணி குடி எண்டு கூப்பிட்டன்" என்றான் ஹெமி. பிறகு என் முகத்தைப் பார்த்து, "நான் அண்டைக்கு உன்னட்டக் கேட்டது, உனக்கு அவன் சொல்லிப்போட்டானோ எண்டு பாக்கத்தான். உனக்குத் தானே வந்து சொல்லுறன் எண்டவன் அவன். சொல்லேல்லையா?" என்றான்.

இல்லையடா. சொல்லவே இல்லை.

அவனுக்கு நீ செய்ததை அவன் மன்னித்துவிட்டான். எனக்குச் செய்ததை நான் யாரிடம் போய்க் கேட்பது? உங்கள் இருவருக்கும் தெரிந்த ஒன்றை நான் மட்டும் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். நீ அவன் வீட்டில் சூடாகத் தேத்தண்ணி குடித்தாய்.

சர்வதேச ஆட்டத்தில் ஹாக்கா இருக்கலாமா என்று இன்று என்னிடம் கேட்டால், இருக்கவேண்டும் என்றுதான் சொல்வேன். அது வெருட்டு இல்லை. எதிரே நிற்பவனை மனுசனாய் எண்ணி, வா, என் முகத்தைப் பார் என்று கூப்பிடுவது. இதெல்லாம் நீ சொல்லித் தந்ததுதான். உன்மேல் எத்தனை கோபம் வந்தாலும் அது மட்டும் பொய்யாகவில்லை, என்ன செய்ய.

சனிக்கிழமை ஆட்டம். தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு எழும்பி நிற்பேன். உன் ஜேர்சி இந்தக் கதிரையில்தான் கிடக்கும். ஹெமியின் படலையில் போய் நின்ற அந்த மனுசனை நான் ஒருநாளும் கண்டதில்லை. எனக்குத் தெரிந்தவன், ரோட்டைப் பார் என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டவன்.