கேட்காமல் வைத்த பெயர்

பெயர் ஒட்டாத பொதி ஒன்று என் மேசையில் கிடக்கிறது. வறுத்த மல்லியும் வெந்தயமும் பொலித்தீனைத் தாண்டி மணக்கின்றன. உன் மகள் நேற்று வந்து வைத்துவிட்டுப் போனாள். உங்கள் மில்லின் மீன்கறித் தூள். ஒன்பது வருடமாக நான் வீட்டுக்குள் எடுக்காத சாமான்.

உன் ஜனாஸா அடக்கத்தன்று பள்ளிவாசலுக்கு எதிர்ப்புறத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கும் வரவில்லை. நீ எதிர்பார்த்திருக்கவும் மாட்டாய்.

மார்க்கட்டுக்குப் பின்னால் இருந்த உன் மில்லுக்கு நான் தோற்றுப்போய்த்தான் வந்தேன். நியமனம் வரும், வரும் என்று ஆறு வருடம் தொண்டர் ஆசிரியராகச் சம்பளமில்லாமல் படிப்பித்தேன். வந்த பட்டியலில் என் பெயர் இல்லை. என்னுடைய பாடக்குறிப்பைப் பார்த்து எழுதியவனின் பெயர் இருந்தது. அவனை இன்றைக்கும் தெருவில் கண்டால் முகம் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த நீதான் கூப்பிட்டாய். "விடு மச்சான். தூள் என்ட பொறுப்பு, எழுத்து வேலை உன்ட பொறுப்பு. ரெண்டு பேருமாச் சேந்து ஒரு சாமான் விடுவம்."

எழுத்து வேலையில் முதலாவது, பெயர். இரண்டு கிழமை இருந்து பன்னிரண்டு பெயர் எழுதினேன். நெய்தல், திரைமணம், கடற்சுவை என்று போனது என் பட்டியல். நீ ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்தாய். "எல்லாம் வடிவுதான். ஆனா வாங்கப்போறது நானில்லையே," என்றாய்.

உனக்கென்று ஒரு முறை இருந்தது. மிளகாய் அரைக்க வரும் பெண்கள் வாளியை வைத்துவிட்டு மார்க்கட்டுக்குப் போய், ஒரு மணித்தியாலம் கழித்து வருவார்கள். வைக்கும்போது ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவாய். எடுக்க வரும்போது கேட்பாய். மூலையில் கதிரை போட்டு, கொப்பியும் கையுமாக நான் புள்ளியிட்டேன்.

உப்புவெளியிலிருந்து வரும் அந்த அக்காவை நினைவிருக்கிறதா?

"என்ன பேர் சொன்னனான் அக்கா?"

"நல்ல வடிவான பேர் தம்பி."

"அது சரி, என்ன பேர்?"

"அதுதான் சொல்லுறனே, வடிவான பேர். மீன் வாங்கின இடத்தில விட்டுட்டன் போல." மில் முழுக்கச் சிரித்தது. அவள் விடவில்லை. "நீங்கள் தூள் விக்கப்போறியளோ, சோதனை வைக்கப்போறியளோ? மூலையில இருக்கிற அந்த வாத்தியார்ட தூள் எண்டு கேட்டு வாங்குவம், தாங்கோவன்."

கேட்டுப் பார்த்த மூன்று நாளும் அதே கதை. பன்னிரண்டு பெயரில் ஒன்றுகூட மார்க்கட் போய்த் திரும்பி வரவில்லை. மூலையில் இருந்த வாத்தியாரை மட்டும் ஒருத்தியும் மறக்கவில்லை.

அடுத்த கிழமை நான் வந்தபோது லேபல் கட்டுகள் மேசையில் இருந்தன. வாத்தியார் மீன்கறித் தூள். கண்ணாடி போட்ட ஓர் ஆளின் படம்.

"ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டா ஓம் எண்டிருப்பியா?"

"இல்லை."

"அதான் கேக்கல்ல."

எனக்குக் கொடுக்காத பதவியை நீ பொதியில் ஒட்டி ஊருக்கு விற்கிறாய் என்றுதான் எனக்குப் பட்டது. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் எழுதுவினைஞரானேன். உன் தூள் புல்மோட்டைக்கும் கந்தளாய்க்கும் போனது. "வாத்தியார், உங்கட தூள் முடிஞ்சுது!" என்று கடைக்காரர்கள் கத்துவார்கள். நான் பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பிப் போய்விடுவேன். நோன்புக்கு நீ அனுப்பிய பொதிகளை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

நேற்று உன் மகள் கதிரையின் நுனியில்தான் இருந்தாள். கொழும்புக் கடையொன்று சாமானை எடுக்கச் சம்மதமாம். பெயர் மட்டும் பட்டிக்காட்டுத்தனமாக இருக்கிறதாம்.

"மாத்துறதெண்டாலும் விடுறதெண்டாலும் உங்களிட்டக் கேக்கச் சொல்லித்தான் வாப்பா சொன்னவர், அங்கிள்."

"ஏன், அவருக்கு வாயில்லையாமோ?"

"நானும் கேட்டனான். நீங்கள் ஏலாது எண்டு சொல்லிப்போட்டா, பிறகென்ன செய்யிறது எண்டவர்."

ஒன்பது வருடம் விற்ற பிறகும் அந்தப் பயம் உனக்குப் போகவில்லை.

புதுப் பெயர் எழுதச் சொல்லிக் கடதாசியை நீட்டினாள். பேனையை எடுத்தேன். நெய்தல் என்று எழுதியிருக்கலாம். கை போகவில்லை. பட்டியல் எழுதியவர்கள் மேசையில் என் விண்ணப்பக் கோவை ஆறு வருடம் கிடந்தும் அவர்கள் என்னை மறந்தார்கள். மீனுக்கு விலை பேசிவிட்டு, வெயிலில் நடந்து வந்த பெண் மறக்கவில்லை. நான் படிப்பித்தவன் என்பதற்கு உன் பொதியைத் தவிர வேறு எழுத்து எங்கும் இல்லை.

"மாத்த வேண்டாம் பிள்ளை," என்றேன். "கடைக்காரர் விருப்பமெண்டா எடுக்கட்டும். ஆனா படத்தில அந்த ஆளின்ர கையில ஒரு பிரம்பு கிடக்கு. அதை எடுத்துவிடு. நான் ஒரு பிள்ளைக்கும் அடிக்கேல்லை."

"பிரம்பு வாப்பா கேட்டுக் கீறுவிச்சதாம்," என்று அவள் சிரித்தாள்.

"தெரியும்," என்றேன். "நான் அடிக்காதவன் எண்டு தெரிஞ்சு செய்த பகிடி."

கேட்காமல் செய்ததை நான் இன்னும் பொறுக்கவில்லை. அந்தக் கோபம் என்னோடு இருக்கட்டும். அந்தப் பெயரும்தான்.